பாத்திரத்தில் பெயர் வெட்டக் கிளம்புகிறவருக்கு டிரெமல் 290 போதுமா?

பெயர் வெட்டும் தொழிலுக்கு வர நினைக்கிறவர் காதில் முதலில் விழுவது "லேசர் இல்லாமல் இனி ஒன்றும் ஓடாது" என்ற பேச்சுதான். அதை நம்பி லட்சக்கணக்கில் கடன் வாங்கி மெஷினை இறக்கிவிட்டு, தவணை கட்டுவதற்காக வேலை தேடி அலைகிறவர்கள் உண்டு. பாத்திரக்கடை வாசலில் ஒரு ஸ்டூலும் ஒரு பிளக் பாயின்ட்டும் கிடைத்தாலே தொடங்கிவிடக்கூடிய தொழில் இது. முதல் கருவி எது என்று விசாரித்தால் அடிக்கடி வரும் பெயர், பாஷ் குழுமத்தின் டிரெமல் 290 எங்ரேவர். இந்த மதிப்பீடு அதைப் பற்றியது. லேசரோடு ஒப்பிட வேண்டிய இடத்தில் மட்டும் ஒப்பிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எவர்சில்வர், பித்தளை, அலுமினியம் மூன்றிலும் எழுதிப் பழகவும், பழகிய கையோடு சம்பாதிக்கவும் இது சரியான கருவி. நகை வேலைக்கு உதவாது. ஒரே மாதிரி நூறு சம்புடத்தில் பெயர் போடும் ரிட்டர்ன் கிஃப்ட் ஆர்டருக்கு இதை நம்பி வாக்குக் கொடுக்கக் கூடாது. இந்த எல்லைகளைத் தெரிந்துகொண்டு வாங்கினால் சில ஆயிரம் ரூபாய்க்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

உள்ளே நடப்பது

இதில் மோட்டார் இல்லை. ஒரு காயில் (கம்பிச் சுருள்), அதன் முன்னால் ஒரு இரும்புத் துண்டு, அதைத் திருப்பித் தள்ள ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் காயில் இரண்டு முறை இரும்பை இழுக்கும். ஆக நொடிக்கு 100 குத்து, நிமிடத்துக்கு 6,000. இந்தக் கருவியின் 230 வோல்ட் மாடலில் போட்டிருக்கும் 6,000 என்ற கணக்கு இங்கிருந்துதான் வருகிறது. சக்தி 35 வாட். அமெரிக்க மாடலில் 7,200 என்று இருக்கும். அது அதிக சக்தி அல்ல, அந்த ஊர் மின்சாரம் 60 சுற்று என்பதுதான் காரணம்.

இது தெரியாமல் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இணையத்தில் இறக்குமதி விற்பனையாளரிடம் வாங்கும்போது 120 வோல்ட் மாடல் வந்துவிடும். தட்டையான இரண்டு கால் பிளக்கைப் பார்த்ததும் உஷாராக வேண்டும். அடாப்டர் மாட்டி நம் பிளக்கில் சொருகினால் காயில் சில நொடிகளில் கருகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் 60 சுற்றுக்குச் சுற்றிய காயில் 50 சுற்றில் கூடுதல் மின்சாரம் இழுக்கும், சீக்கிரம் சூடேறும். பெட்டியில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

அடுத்தது வோல்டேஜ். காயிலின் இழுவிசை, வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் கூடும், குறையும். மாலையில் லைன் 230-லிருந்து 184-க்கு இறங்கினால் குறைவு ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் குத்தின் பலத்தில் ஏறத்தாழ 36 சதவீதம் போய்விடும். காலையில் ஆழமாக விழுந்த எழுத்து சாயங்காலம் மேலோட்டமாக விழுந்தால் கையைக் குறை சொல்ல வேண்டாம், முதலில் வோல்டேஜைப் பாருங்கள். கடையின் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் சத்தம் கரகரப்பாக மாறும், உடம்பு சூடாகும். கரன்ட் போன நேரத்தில் வேலையை நிறுத்திவைப்பது கருவிக்கு நல்லது.

நொடிக்கு 100 குத்து என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கை எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதும் தெரிந்துவிடும். நொடிக்கு 20 மி.மீ. நகர்த்தினால் புள்ளிகளுக்கு இடையே 0.2 மி.மீ. இருக்கும், கண்ணுக்குத் தொடர்கோடாகத் தெரியும். 60 மி.மீ. வேகத்தில் இழுத்தால் இடைவெளி 0.6 மி.மீ. ஆகி, கோடு புள்ளி புள்ளியாக உடையும். புதியவர்களின் எழுத்து மங்கலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இந்த அவசரமே காரணம். டயலைக் கூட்டினால் அது சரியாகாது.

ஊசி

பெட்டியோடு வருவது 9924 எண் கொண்ட கார்பைடு ஊசி. எவர்சில்வர் வேலை முழுவதையும் அது பார்த்துக்கொள்ளும். கார்பைடு மிகக் கடினமானது, அதனாலேயே நொறுங்கும் குணமும் உண்டு. சிமென்ட் தரையில் முனை படும்படி ஒரு முறை விழுந்தால் போதும், முனை தெறித்துவிடும். எனவே முதல் நாளே இன்னொரு ஊசியையும் சேர்த்து வாங்கி வைப்பது கட்டாயம். முகூர்த்த நாள் கூட்டத்தில் ஊசி உடைந்து நின்றால் அன்றைய வேலை போவதோடு கடைக்காரரின் நம்பிக்கையும் போகும்.

முனை மழுங்கியதற்கு அடையாளம்: கோடு அகலமாகவும் பளபளப்பாகவும் விழும், வளைவில் ஊசி வழுக்கும், "ர்ர்ர்" என்ற கூர்மையான ஒலி போய் அடைத்த சத்தமாக மாறும். தீட்டுவதற்குச் சாதாரண சாம்பல் நிறச் சாணைக்கல் பயன்படாது. கார்பைடை அது தேய்க்காமல் சூடாக்கும். டைமண்ட் அரம், அல்லது பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல் வேண்டும். ஊசியைக் கழற்றி டிரில் சக்கில் மாட்டி மெதுவாகச் சுழலவிட்டு, டைமண்ட் தட்டை அதன் சரிவோடு ஒட்டிப் பிடித்தால் கூம்பு ஒரே சீராக வரும். கடைசியில் நுனியை லேசாகத் தொட்டு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு உருட்டு வைத்துவிட வேண்டும். ஊசி போலக் கூராக விட்டால் முதல் எழுத்திலேயே நுனி உடையும்.

ஊசியைப் பிடித்திருக்கும் சின்னத் திருகு அதிர்வில் தானாகவே தளரும். தளர்ந்தால் ஊசி உள்ளே ஆடி, ஒரே கோடு இரட்டைக் கோடாக விழ ஆரம்பிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை திருகைச் சோதிப்பது நல்ல பழக்கம்.

மலிவான உள்ளூர் அதிர்வுப் பேனாக்களும் சந்தையில் கிடைக்கின்றன. இயங்கும் விதம் ஒன்றுதான். வாங்கும் முன் ஊசியைக் கவனியுங்கள். சிலவற்றில் கடினப்படுத்திய சாதாரண எஃகு ஊசி இருக்கும். அது சீக்கிரம் மழுங்குவதோடு, எவர்சில்வரில் மிக நுண்ணிய இரும்புத் துகளைப் பதித்துவிட்டும் போகும். இரண்டு வாரம் கழுவிய பிறகு பெயர் மட்டும் பழுப்பாகத் துருப்பிடிக்கும். "நல்ல எவர்சில்வர்னு சொன்னீங்களேண்ணே, பேர் போட்ட இடம் துரு ஏறுதே" என்று பாத்திரம் வாங்கிய அம்மா பாத்திரக்கடைக்காரரிடம்தான் சண்டைக்குப் போவார்.

டயலும் உலோகமும்

டயலில் 1 முதல் 5 வரை இருக்கும். அது குத்தின் நீளத்தை மாற்றும், எண்ணிக்கையை மாற்றாது. எவர்சில்வர் டம்ளர், தட்டு, சம்புடத்துக்கு 2 போதும், கனமான குடம், தூக்குக்கு 3, அண்டாவுக்கு 4. 5-ஐ வைத்துக்கொண்டு பாத்திர வேலை செய்ய வேண்டிய அவசியம் அபூர்வம். ஊசி எகிறிக் கடகடவென்று அடித்தால் டயல் அதிகம் என்று பொருள், ஒரு எண் குறைக்க வேண்டும். பித்தளையும் செம்பும் மென்மையானவை, 1-லோ 2-லோ அடங்கி எழுதலாம். அலுமினியத்திலும் இண்டாலியத்திலும் துகள் எழும்பி ஊசியில் அப்பிக்கொள்ளும். நாலைந்து எழுத்துக்கு ஒரு முறை பித்தளை பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

எவர்சில்வரில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது ஒரே கோட்டின் மேல் திரும்பத் திரும்பப் போவதில்தான். இந்த எஃகு அடிபட அடிபட இறுகும் குணம் கொண்டது. முதல் தடவை இளகிக் கொடுத்த கோடு மூன்றாம் தடவை ஊசியைத் தள்ளிவிடும். வழுக்கிய ஊசி பக்கத்தில் ஒரு கீறலைப் போடும். பாலிஷ் போட்ட கண்ணாடிப் பரப்பில் அந்தக் கீறலை மறைக்க வழியே இல்லை. மெதுவாக, ஒரே ஓட்டத்தில் முடிப்பதுதான் முறை. ஆழம் போதவில்லை என்றால் டயலைக் கூட்டி அடுத்த பாத்திரத்தில் சரிசெய்யுங்கள்.

தகட்டின் கனமும் முக்கியம். 22 கேஜ் என்றால் சுமார் 0.7 மி.மீ., 24 கேஜ் என்றால் சுமார் 0.55 மி.மீ. அதற்கும் மெல்லிய இலவசப் பாத்திரங்களில் டயல் 3 வைத்து எழுதினால் உள்பக்கம் எழுத்து புடைத்துத் தெரியும். பாத்திரம் கிணுகிணுவென்று அதிர்ந்தால் குத்தின் பலம் தகட்டில் கரைகிறது என்று பொருள். கோடும் ஆழமாக விழாது. உள்ளே மணல் நிரப்பிய துணிப்பையைத் திணித்து, வெளியே தடித்த ரப்பர் ஷீட்டின் மேல் கிடத்திவிட்டால் சத்தம் அடங்கும், எழுத்தும் திடமாக விழும். இரண்டு கிலோ மணல், இறுகத் தைத்த ஒரு காடாத்துணிப்பை. இந்தத் தொழிலில் இதைவிட மலிவான, இதைவிடப் பலன் தரும் முதலீடு கிடையாது.

தமிழ் எழுத்தை உலோகத்தில் இறக்குவது

ஆங்கிலப் பெரிய எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடு. நம் எழுத்தில் சுழியும் வளைவும் அதிகம். அதனால் ஆங்கிலத்தில் பழகிய கை தமிழுக்கு வந்ததும் திணறும். வளைவில் மணிக்கட்டைச் சுழற்றினால் ஊசி சாய்ந்து ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் விழும். கருவியை ஒரே சாய்வில் நிறுத்திவிட்டு இடது கையால் பாத்திரத்தைத்தான் திருப்ப வேண்டும். ண, ஞ, இ, ஐ நான்கும் இப்படித் திருப்பி எழுதினால் மட்டுமே அழகாக வரும்.

கோட்டின் அகலம் அரை மி.மீ. அளவில் இருப்பதால் 4 மி.மீ.-க்குக் குறைந்த உயரத்தில் சுழிகள் அடைத்துக்கொள்ளும். டம்ளருக்கு 5 அல்லது 6 மி.மீ., குடத்துக்கு 8 முதல் 10, அண்டாவுக்கு 20-க்கு மேல் வைத்தால் வாசிக்கத் தெளிவாக இருக்கும்.

புள்ளி வைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. ஊசியை ஓரிடத்தில் ஐந்தில் ஒரு நொடி நிறுத்தினாலே அங்கே 20 குத்து விழுந்துவிடும். மெல்லிய தகட்டில் அது உள்ளே முள்ளாகப் புடைக்கும், கழுவுகிற விரலில் இடறும். புள்ளியைக் குத்தாமல், ஒரு மி.மீ. அகலத்தில் சின்ன வட்டமாகச் சுழற்றிவிடுவதே நல்லது. இதே காரணத்தால் எழுத்தின் தொடக்கமும் கொட்டை போலத் தடித்து விழும். கை நகரத் தொடங்கிய பிறகு ஊசியை இறக்கினால் அது வராது.

தாத்தா காலத்துப் பாத்திரத்தைக் கொண்டுவந்து "இதே மாதிரி எழுத்துல புதுசுலயும் போட்டுக் கொடுங்க" என்று கேட்பார்கள். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை வேறு வடிவில் இருந்தன. அண்ணாமலை என்ற ஒரே பெயரில் இரண்டு எழுத்து மாறியிருக்கிறது. இந்த ஏழு பழைய வடிவங்களையும் எழுதிப் பழகி வைத்திருப்பவருக்கு அந்த வேலை தேடி வரும். கணினி எழுத்துருவை நம்பியிருக்கிற லேசர் கடையில் இதை எளிதில் கொடுக்க முடியாது. குடும்பத்துப் பாத்திரம் ஒரே கையெழுத்தில் தொடர வேண்டும் என்று நினைக்கிறவர்களின் ஆசையை மதித்துச் செய்ய வேண்டிய வேலை அது.

எழுதும் முன் தயாரிப்பு: பாலிஷ் மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போக ஸ்பிரிட் அல்லது தின்னர் துணியால் துடைக்க வேண்டும். பிசுக்கின் மேல் மார்க்கர் பிடிக்காது, ஊசியும் வழுக்கும். உருண்டைப் பரப்பில் கோடு கோணாமல் இருக்க, மாஸ்கிங் டேப்பை விளிம்புக்கு இணையாகச் சுற்றி ஒட்டி அதையே அடிக்கோடாக வைத்துக்கொள்ளலாம். மெல்லிய பெர்மனன்ட் மார்க்கரில் பெயரை எழுதி, நடு எழுத்து நடுவில் விழுகிறதா என்று பார்த்து, பிறகு அதன் மேல் வெட்ட வேண்டும். முடிந்ததும் ஸ்பிரிட்டில் துடைத்தால் மை போய்விடும்.

பாத்திரத்தில் இடம் தேர்வதிலும் விவரம் வேண்டும். குடத்துக்குத் தோள்பட்டை, டம்ளருக்கு விளிம்புக்கு ஒரு விரற்கடை கீழே, தட்டுக்கு விளிம்பின் மேல்பக்கம் அல்லது அடிப்பக்கம். உணவு படும் உள்பரப்பில் வெட்டவே கூடாது, பள்ளத்தில் அழுக்கு தங்கும். நான்ஸ்டிக் பூச்சின் மேல் தொடக் கூடாது. குக்கரில் பாதுகாப்பு வால்வு பக்கமும் கேஸ்கெட் உட்காரும் விளிம்பிலும் கருவியைக் கொண்டுபோகக் கூடாது.

பெயர் வெட்டுவதில் ரப்பர் கிடையாது. பாலிஷ் போட்டு அழிக்கப் பார்த்தால் அந்த இடம் மட்டும் மங்கித் தனியாகத் தெரியும். எனவே வாய்ச்சொல்லில் பெயர் வாங்குவதை அறவே தவிர்க்க வேண்டும். சின்னச் சீட்டில் வாடிக்கையாளரே இனிஷியலோடு எழுதிக் கொடுக்கட்டும். லட்சுமியா லக்ஷ்மியா, முத்துக்குமாரா முத்துகுமாரா, தேதி போட வேண்டுமா, "அன்பளிப்பு" வேண்டுமா, எல்லாம் அந்தச் சீட்டில் இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் யாருடையது என்பதில் பேச்சே வராது.

இது கைவிடும் இடங்கள்

குத்தும் கருவி உலோகத்தை அமுக்குகிறது, சீவி எடுப்பதில்லை. அதனால் கோட்டுக்குள் அந்தப் பளிச்சென்ற வெட்டு முகம் வராது, ஓரத்தில் லேசான பிசிறும் இருக்கும். மோதிரத்துக்குள் எழுத்து, வெள்ளித் தட்டில் கொடி வேலை போன்றவற்றுக்குச் சிற்றுளியோ, ஜி.ஆர்.எஸ். போன்ற காற்றழுத்த உளிக் கருவியோ வேண்டும். அது தனிக் கல்வி, ஆசாரி ஒருவரிடம் உட்கார்ந்து கற்க வேண்டியது. வெள்ளிக் காமாட்சி விளக்கு, குங்குமச் சிமிழ் போன்ற மெல்லிய தகட்டு வேலைகளில் இந்தக் கருவியை வைத்தால் ஓட்டையே விழலாம். அரக்கு நிரப்பிய வெள்ளிப் பொருளில் அதிர்வு பட்டால் உள்ளே இருக்கும் அரக்கு விரிசல் விடும்.

கண்ணாடியில் 9929 டைமண்ட் ஊசி போட்டு எழுதலாம். ஆனால் கோடு சில்லுச் சில்லாகத்தான் வரும். டெம்பர்டு கண்ணாடியில் முயன்றால் முழுக் கண்ணாடியும் பொடியாகும். கண்ணாடி வேலை வேண்டுமென்றால் சுழலும் கருவியில் டைமண்ட் பர் மாட்டித் தண்ணீர் சொட்டவிட்டுச் செய்வதே முறை.

சத்தமும் அதிர்வும் நாள் முழுக்க உட்காருகிறவரை வாட்டும். காதடைப்பான் போட்டுக்கொள்ள வெட்கப்பட வேண்டாம். கை அதிர்வுக்கு ஐரோப்பிய விதிகள் எட்டு மணி நேரச் சராசரியாக 2.5 மீட்டர்/நொடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது என்கின்றன. நம் ஊர்ப் பாத்திரக்கடை வாசலில் அளக்க ஆள் கிடையாது. விரல் நுனி மரத்துப்போவதும் வெளுப்பதும்தான் எச்சரிக்கை. கால் மணி நேரம் எழுதினால் ஐந்து நிமிடம் கருவியைக் கீழே வையுங்கள். உடம்பு சூடேறிய கருவிக்கும் அந்த ஓய்வு தேவை. சைக்கிள் டியூப் துண்டைப் பிடியில் சுற்றிக்கொண்டால் இறுகப் பிடிக்க வேண்டியிருக்காது, அதிர்வும் குறைவாக ஏறும்.

லேசர் எப்போது

ஃபைபர் லேசர் மோசமான கருவி இல்லை, எப்போது வாங்குவது என்பதுதான் கேள்வி. ஒரே பெயர், ஒரே சம்புடம், நூறு எண்ணிக்கை என்று ஆர்டர் மாதா மாதம் வரத் தொடங்கினால் 20 வாட் மெஷின் அந்த வேலையைக் கண் முன்னே முடித்துவிடும். 160 மி.மீ. குவிய லென்ஸும் 110-க்கு 110 மி.மீ. எழுதும் பரப்பும் பாத்திர வேலைக்குப் பொதுவான அளவு. எவர்சில்வருக்கு வேகம் நொடிக்கு 800 மி.மீ., ஒளித்துடிப்பு 30 கிலோஹெர்ட்ஸ், சக்தி 60 முதல் 80 சதவீதம், கோட்டு இடைவெளி 0.05 மி.மீ. என்று தொடங்கி, பழைய தட்டில் சோதித்து மாற்றிக்கொள்ளலாம்.

விற்பனையாளர் டெமோவில் தட்டையான தகட்டில்தான் போட்டுக் காட்டுவார். நம் பாத்திரங்கள் உருண்டை. 70 மி.மீ. விட்டமுள்ள டம்ளரில் 20 மி.மீ. அகலப் பெயர் போட்டால் நடுவுக்கும் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1.5 மி.மீ.; குவியத்தை நடுவாக வைத்துச் சமாளிக்கலாம். பெயர் 30 மி.மீ. ஆனால் வித்தியாசம் 3.4 மி.மீ. ஆகிவிடும், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் வெளிறிப்போகும். நீளப் பெயர்களுக்குச் சுழற்றும் ரோட்டரி கட்டாயம். விலை பேசும்போதே அதையும் சேர்த்துப் பேச வேண்டும், நம் டம்ளரைக் கையோடு கொண்டுபோய் அதில் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

தமிழ் எழுத்து இங்கேயும் தொல்லை தரும். இந்த மெஷின்களோடு பரவலாக வரும் ஈஸிகேட் மென்பொருளில் யூனிகோட் தமிழை நேரடியாக அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழலாம். பெயரை இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அடித்து, எழுத்தைக் கோட்டுருவமாக (பாத்) மாற்றி, டிஎக்ஸ்எஃப் கோப்பாக இறக்குமதி செய்வது பத்திரம்.

துருவும் உண்டு. கறுப்பாக வரட்டும் என்று மெதுவாகச் சுட்டால் எவர்சில்வரைக் காக்கும் குரோமியப் படலம் அந்த இடத்தில் கெட்டுவிடும். புளியும் உப்பும் பட்டுப் பட்டுக் கழுவும்போது எழுத்து பழுப்பேறும். 4 முதல் 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலில் இளஞ்சூட்டில் குறைந்தது 20 நிமிடம் ஊறவைத்துக் கழுவினால் படலம் மீளும், கறுப்பு கொஞ்சம் வெளிறக்கூடும். முதலில் ஒரு பாத்திரத்தில் செய்து பாருங்கள்.

கண்ணைப் பற்றிக் கறாராகச் சொல்ல வேண்டும். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரிகிற சிவப்புப் புள்ளி வெறும் வழிகாட்டி. பளபளக்கும் வளைந்த பாத்திரம் அந்தக் கதிரை எந்தப் பக்கமும் திருப்பி அடிக்கும். விழித்திரை கருகினால் வைத்தியம் இல்லை. 1064-க்கு ஓடி (ஒளியைத் தடுக்கும் அளவு) 6 அல்லது அதற்கு மேல் என்று அச்சடித்த கண்ணாடி இல்லாமல், திறந்த மேசை மெஷினின் பக்கத்தில் வேலை செய்பவரும் நிற்கக் கூடாது, வாடிக்கையாளரின் குழந்தையும் நிற்கக் கூடாது. மூடிய பெட்டி மாடல் விலை கூடுதல்தான். கடை வீதியில் வைப்பதென்றால் அதைத்தான் வாங்க வேண்டும்.

கடன் பற்றி ஒரு தகவல். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பிப்பவர் எந்தப் பிரிவு, ஊர் கிராமமா நகரமா என்பதைப் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம் உண்டு. புதிதாகத் தொடங்கும் தொழிலுக்குத்தான் அது. மானியத் தொகை கையில் வராது. மூன்று ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து பிறகே கடனில் கழியும். அதுவரை தவணையை முழுக்கக் கட்டும் அளவுக்கு வேலை இருக்கிறதா என்று கணக்குப் போட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.

வேலை எங்கிருந்து வரும்

பழகுவதற்குக் காயலான் கடையில் கிலோ கணக்கில் பழைய எவர்சில்வர் தட்டு கிடைக்கும். முதலில் நேர்கோடு, பிறகு வட்டம், பிறகு ட, ப, ம. அதன் பிறகு க, த, ச. கடைசியில் ண, ஞ, ஐ, ஸ்ரீ. தட்டில் கை நின்றபின் டம்ளர், சொம்பு என்று வளைவு கூடிய பரப்புக்கு வர வேண்டும்.

தை, மாசி, வைகாசி, ஆவணி மாதங்களில் சீர்வரிசைப் பாத்திர வேலை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் தளரும். அந்த மாதங்களைத் தாங்க வாடகைப் பாத்திரக் கடைகளையும் சமையல் கான்ட்ராக்டர்களையும் பிடித்துவைப்பது புத்திசாலித்தனம். அண்டா, தேக்சா, கரண்டி, வாளி என்று ஒவ்வொன்றிலும் கடைப் பெயரும் எண்ணும் போட வேண்டியிருக்கும். நாரும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பதைத் தாங்க எழுத்து ஆழமாக விழ வேண்டும். லேசர் லென்ஸுக்கு அடியில் அண்டா நுழையாது. டிரெமலைப் பையில் போட்டுக்கொண்டு அவர்கள் குடோனுக்கே போய் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். கோயிலுக்கு உபயமாகக் கொடுக்கும் குத்துவிளக்கு, மணி, குடம் எல்லாம் இதே வகைதான். லேசர் எவ்வளவு பரவினாலும் இந்த வேலை கைக்கருவியிடம்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

கூலி பெரும்பாலும் எழுத்துக் கணக்கு. பாத்திரக்கடையோடு சேர்ந்து செய்தால் "பெயர் இலவசம்" என்று கடை விளம்பரம் செய்துவிட்டு உங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும். புள்ளியும் இனிஷியலும் தேதியும் எண்ணிக்கையில் சேருமா என்பதை முதல் நாளே பேசி எழுதிக்கொள்ளுங்கள், மாதக் கடைசியில் மனத்தாங்கல் இருக்காது.

இரண்டு வேலைகளை எவ்வளவு கொடுத்தாலும் ஏற்கக் கூடாது. ஒன்று, வேறொருவர் பெயரோ கோயில் பெயரோ உள்ள பாத்திரத்தில் அதை அழித்துப் புதுப் பெயர் போடுவது. இன்னொன்று, தங்க நகையில் ஹால்மார்க் எண் போடுவது. 2021 ஜூன் 16-லிருந்து படிப்படியாகக் கட்டாயமான ஹால்மார்க்கில், 2023 ஏப்ரல் 1 முதல் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியான அடையாள எண்) இல்லாத நகையைக் கடைகள் விற்க முடியாது. அந்த எண்ணைப் பொறிக்கும் உரிமை பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற மையங்களுக்கு மட்டுமே. லேசர் மார்க்கிங் நன்றாகப் பழகியவருக்கு அந்த மையங்களிலேயே வேலைக்குச் சேரும் வழி இருக்கிறது. மாதச் சம்பளம் விரும்புகிறவர்கள் அதையும் விசாரிக்கலாம்.

வாங்கும்போது பில்லையும் உத்தரவாதச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். பெட்டியைப் பிரித்ததும் கடையிலேயே சொருகி டயலை 1-லிருந்து 5 வரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்; சத்தம் படிப்படியாக ஏற வேண்டும், நடுவில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. கையோடு ஒரு பழைய தட்டைக் கொண்டுபோய் அதில் டயல் 2-ல் ஒரு வட்டம் போட்டுப் பார்த்துவிட்டு, உபரி ஊசி ஒன்றையும் சேர்த்து பில் போடச் சொல்லுங்கள்.